கம்ப்ரெஷன் 12 பார், ஆனாலும் ஆயில் குடிக்குது: ரிங்கா, டர்போவா?

சுழலி:
ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இஏ888 இரண்டாம் தலைமுறை 2.0 டர்போ பெட்ரோல் இன்ஜின்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறதா? பதறிப்போய் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, கேஜ் போட்டுப் பாருங்கள். நாலு சிலிண்டரிலும் 12 பார் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் நன்றாக இருக்கிறது. குற்றவாளி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல். டர்போவை மாற்றினால் வேலை முடிந்தது.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நல்ல டர்போவைக் கழற்றிக் கடாசப்போகிறார்களோ! கம்ப்ரெஷனைப் பிடிப்பது மேல் ரெண்டு ரிங். ஆயிலைத் தடுப்பது மூணாவது ரிங். அதன் வேலை சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை வழித்து, பள்ளத்தில் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறக்குவது. இந்தத் தலைமுறையில் உராய்வைக் குறைக்க அந்த ரிங்கை மெல்லிசாக்கினார்கள், துளைகளும் சின்னது. கரி அடைத்தால் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கேஜில் இது தெரியாது. சுவரில் ஆயில் கூடுதலாக நின்றால் கேஜ் இன்னும் அழகாகவே காட்டும்.

சுழலி:
புது இன்ஜினுக்கு 11 முதல் 14 பார். தேய்மான எல்லை 7. சிலிண்டருக்கு சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. சர்வீஸ் மேனுவலில் இருப்பதைத்தான் சொல்கிறேன். ரிங் போயிருந்தால் 12 எப்படி வரும்? அதற்குப் பதில் சொல்லுங்க.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
எந்த ரிங்?

சுழலி:
ரிங் என்றால் ரிங்தான் சார். வார்த்தை விளையாட்டு வேண்டாம். 12 பார்.

டிப்ஸ்டிக்:
ரெண்டு பேரும் பிசிவியை, அதான் கிராங்க்கேஸ்ல (இன்ஜின் அடிப்பகுதி) சேர்ற வாயுவை வெளியேத்துற வால்வை, விட்டுட்டீங்களே. வால்வ் கவர் மேல உட்கார்ந்திருக்கிற அந்த பிளாஸ்டிக் டப்பாதான் இந்த இன்ஜினோட முதல் சந்தேகம். இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்க. மூடி உறிஞ்சிக்கிட்டு வரவே மாட்டேன்னா உள்ளே டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. விசில் மாதிரி கீச்சுச் சத்தம் வரும், ஐடில்ல காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு பி2187 கோடு விழும். அப்படியே ஓட்டினா அந்த வேக்குவம் பின்பக்க கிராங்க் சீலையும் கெடுத்துடும். டர்போ விலையில ஒரு துளிதான் இது. முதல்ல இதை மாத்திட்டுப் பேசுங்க.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
டிப்ஸ்டிக் சொன்னது சரி, அதுவும் பாதிதான். இப்போ டர்போ சீல் கதைக்கு வருவோம். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். உள்ளே வெளியே உள்ள அழுத்த வித்தியாசத்தை நம்பித்தான் அது ஆயிலைத் தடுக்கிறது. ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலோ கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ புத்தம்புது டர்போவும் ஒழுகும். அப்போ அதையும் கழற்றிப் போடுவீர்களா?

சோதிக்க வழி இருக்கிறது. டர்போவுக்குப் பின்னால் புகை போகும் டவுன்பைப்பைக் கழற்றி டர்பைன் சக்கரத்தைப் பாருங்கள். ஈரமாக, ஆயில் வடிந்து கருகி இருந்தால் சந்தேகப்படலாம். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். ஆயில் இல்லாதபோது அது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆட்டம் கைக்குத் தெரிந்தால்தான் பேரிங் போச்சு. இன்டர்கூலர் குழாயில் லேசாக ஆயில் படலம் இருப்பதைக் காட்டி டர்போ விற்கிறவர்களை நம்பாதீர்கள். அது பிசிவி வழியாக வருவது.

சுழலி:
நான் டர்போ விற்பவன் என்கிறீர்களா? போன தடவை, வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் பற்றிய விவாதத்திலும் இதே குத்தல்தான். 12 பாருக்கு இன்னும் பதில் இல்லை.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
செயினா? "ஆயுள் முழுக்க வரும், தொடவே வேண்டாம்" என்று சொன்னது யாரோ? 2012 வாக்கில் செயினை இறுக்கிப் பிடிக்கும் அந்த டென்ஷனரை எதற்கு மாற்றினார்கள்? ஆயில் குறைந்து டென்ஷனர் தளர்ந்து, செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் கைகுலுக்கிக்கொள்ளும். அப்புறம் உங்கள் 12 பார் பூஜ்யம்தான்.

நாலு_வால்வ்:
எதுக்குச் சண்டை? டேங்க்ல ஒரு பாட்டில் கிளீனர் ஊத்துங்க. வால்வும் சுத்தம், ரிங்கும் சுத்தம்.

டிப்ஸ்டிக்:
ஐயா, இது நேரடி இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது, இன்டேக் வால்வைத் தொடுறதே இல்லை. அந்தக் கரிக்கு மேனிஃபோல்டைக் கழட்டி வால்நட் ஓட்டுத் தூள் அடிக்கணும். அடிக்கிற போர்ட்டில் வால்வ் மூடியிருக்கணும், இல்லேன்னா தூள் சிலிண்டருக்குள்ள போய்டும்.

நாலு_வால்வ்:
சரி, பிளக் ஓட்டை வழியா ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வைக்கிறாங்களே?

போரும்_ஸ்ட்ரோக்கும்:
ஒட்டின ரிங் கொஞ்சம் இளகும், அடைத்த துளை பெரும்பாலும் அப்படியே இருக்கும். செய்தே தீருவேன் என்றால் பிளக்கைப் போடாமல் கிராங்க் சுற்றி திரவத்தை வெளியே தள்ளுங்கள். இல்லையென்றால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராட் வளையும். உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 4.6 லிட்டர்.

நிரந்தர வைத்தியம் பிஸ்டன், ரிங் மாற்றுவதுதான். ஹெட்டும் சம்ப்பும் இறங்க வேண்டும். பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பின்னின் விட்டத்தில் 21 மி.மீ, 23 மி.மீ என இரண்டு உண்டு. அளக்காமல் பிஸ்டன் வாங்கினால் பணம் வீண். ராட் போல்ட் ஒரு முறைக்குத்தான்: 45 நியூட்டன் மீட்டர், அதன்பின் 90 டிகிரி. ரிங்கில் டாப் என்ற எழுத்து மேலே பார்க்கணும், ரிங்குகளின் வெட்டு வாய்கள் 120 டிகிரி தள்ளி நிற்கணும்.

சுழலி:
இவ்வளவு எழுதியவர் ஒரு வரி எழுதவில்லை. 12 பார் இருக்கிற இன்ஜினைப் பிரிப்பது பைத்தியக்காரத்தனம். அதுவும் 1000-க்கு அரை லிட்டர் வரை சரிதான் என்று கம்பெனியே சொல்கிறது.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
நீங்கள் ஆரம்பித்தது ஒரு லிட்டரில். இப்போ அரை லிட்டர் ஆயிடுச்சா? நாளைக்கு கால் லிட்டரா? பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் கேமரா விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஓரம் ஈரமாகக் கழுவினது போல இருந்தால் ஆயில் கீழிருந்து ஏறுது. கண் இருக்கிறவர்களுக்கு இதுக்கு மேல் சாட்சி வேண்டாம்.

டிப்ஸ்டிக்:
வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற ஸ்டெம் சீலையும் மறக்காதீங்க. ராத்திரி நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு நீலப்புகை வந்து நின்னுட்டா அதைப் பாருங்க.

நாலு_வால்வ்:
எல்லாத்தையும் விடுங்க. 0டபிள்யூ-20 ஊத்தினா உராய்வு குறையும், கரியும் வராது.

போரும்_ஸ்ட்ரோக்கும்:
அது ஃபோக்ஸ்வேகன் தர எண்படி 508 00 ஆயில். இந்த இன்ஜினுக்கு 502 00 அல்லது 504 00. கேட்டது ஒண்ணு, ஊத்துறது ஒண்ணு. டப்பா பின்னாடி இருக்கிறதைப் படிக்கத் தெரியாதவர்களோடு நான் என்ன பேச?

நாலு_வால்வ்:
புது வண்டிக்கெல்லாம் அதான் ஊத்துறாங்க. கம்பெனிக்காரன் முட்டாளா?

டிப்ஸ்டிக்:
புது இன்ஜினும் இதுவும் ஒண்ணா? பேரிங் இடைவெளி என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.

சுழலி:
பேரிங்கா? டர்போ பேரிங்கா?