லைக் மட்டும் போதுமா, எதிர் ஓட்டும் வேண்டுமா? பதில்களை எதை வைத்து வரிசைப்படுத்துவது?

மொட்டைமாடி (கேள்வி)

வணக்கம். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கான கேள்வி-பதில் தளம் ஒன்றை நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். தினமும் 30, 40 கேள்வி வரும். இப்போதைக்கு லைக் பொத்தான் மட்டும்தான் இருக்கிறது. லைக் அதிகம் வாங்கிய பதில் மேலே நிற்கும்.

அதில்தான் தொல்லை. மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது என்று ஒருவர் படத்தோடு கேட்டார். நாலே நிமிடத்தில் முதல் பதில்: "வேப்பெண்ணெய் அடிங்க, சரியாயிடும்." 34 லைக். மறுநாள் இன்னொருவர் விரிவாக எழுதினார்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி; உங்கள் படத்தில் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது, நனையும் கந்தகம் அடிக்க வேண்டும்; ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகும் முன் கந்தகம் அடித்தால் இலை கருகிவிடும். இதற்கு 3 லைக். இன்றைக்கும் அடியில்தான் கிடக்கிறது. மேலே இருக்கும் பதிலை நம்பி எண்ணெய் அடித்தவர், கீழே வந்து படிக்கும்போது கந்தகமும் அடிக்க முடியாது.

எதிர் ஓட்டு சேர்த்தால் இது தீருமா, சண்டைதான் வளருமா? வரிசைக்கு வேறு கணக்கு இருக்கிறதா? இன்னொன்று: சிலருக்கு ஒரே பதிலில் இரண்டு லைக் விழுகிறது, சிலருக்குப் போட்ட லைக் காணாமல் போகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிரல் நாங்களே எழுதியது.

நிரலன்

முதல் கோளாறு பொத்தான் மேல இருக்கிற சொல்லுலயே இருக்கு. "லைக்"குன்னா ஒருத்தர் "படிச்சுட்டேன்"னு அமுக்குவார், ஒருத்தர் "நன்றி"ன்னு, ஒருத்தர் "நானும் இதைத்தான் அடிப்பேன்"னு. "சரிபார்த்தேன், சரியா இருக்கு"ன்னு அமுக்குறவர் நாலாவது ஆள். நாலையும் ஒரே எண்ணிக்கையில கொட்டி, அதை வச்சு வரிசை போட்டா வேப்பெண்ணெய்தான் ஜெயிக்கும்.

ரெண்டாப் பிரிச்சிடுங்க. "நன்றி"ன்னு ஒரு பொத்தான். எழுதினவருக்குப் போய்ச் சேரட்டும், வரிசையைத் தொடக் கூடாது. "பலன் தந்தது"ன்னு இன்னொண்ணு, வரிசைக்கு இது மட்டும்தான். இது புதுசு இல்லை. ஸ்லாஷ்டாட்ங்கிற தொழில்நுட்பச் செய்தித் தளத்துல ஓட்டுப் போடும்போதே தகவல் உள்ளது, வேடிக்கை, சீண்டல்னு காரணத்தையும் தேர்ந்தெடுக்கணும். வேடிக்கைன்னு ஓட்டு வாங்கினா கருத்து மேலே ஏறும், எழுதினவரோட நற்பெயர்ப் புள்ளி ஏறாது. அது மட்டும் இல்லை, நடுவரா இருக்கிறவருக்குக் கையில சில ஓட்டுதான், 3 நாள்ல காலாவதி. தான் கருத்து எழுதின விவாதத்துல ஓட்டே போட முடியாது.

ரெண்டாவது, எண்ணிக்கையை உடனே காட்டாதீங்க. மொய் நோட்டுல முன்னாடி எழுதினவர் தொகையைப் பார்த்துட்டு நாம எழுதுற மாதிரிதான் இதுவும். 2013-ல சயன்ஸ் இதழ்ல முச்னிக், ஆரல், டெய்லர் மூணு பேரும் வெளியிட்ட சோதனையில, ஒரு செய்தித் தளத்தோட ஒரு லட்சத்துக்கும் மேலான கருத்துகளை எடுத்து, சிலதுக்குக் குலுக்கல் முறையில ஒரே ஒரு ஆதரவு ஓட்டை முன்கூட்டியே போட்டு வச்சாங்க. அடுத்து பார்க்கிறவர் ஆதரவா ஓட்டுப் போடுற வாய்ப்பு 32 சதவீதம் கூடிச்சு. கடைசி மதிப்பெண் சராசரியா 25 சதவீதம் வீங்கிச்சு. கவனிக்க வேண்டியது என்னன்னா, முன்கூட்டியே போட்ட எதிர் ஓட்டை அடுத்து வந்தவங்க சரிக்கட்டிட்டாங்க. ஆதரவு வீக்கம்தான் வடியாம நின்னுச்சு.

அதனால முதல் 12 மணி நேரம் எண்ணை மறைச்சு, பதில்களை ஒவ்வொரு பார்வையாளருக்கும் கலைச்சுப் போட்டுக் காட்டுங்க. கலைக்கிறதுக்கு உறுப்பினர் எண்ணையும் கேள்வி எண்ணையும் விதையா வைங்க, ஒரே விதைக்கு எப்பவும் ஒரே வரிசைதான் வரும். இல்லைன்னா ஒவ்வொரு தடவை பக்கத்தைப் புதுப்பிக்கும்போதும் வரிசை மாறி, பாதி படிச்ச பதிலைத் தேட வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை

கணக்குக் கேட்டீர்கள், சொல்கிறேன். ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழிப்பதும் தவறு, சதவீதம் மட்டும் பார்ப்பதும் தவறு. கழித்தால் 100 ஆதரவும் 40 எதிர்ப்பும் வாங்கிய பதில் 60 என்று நிற்கும். ஒரு எதிர்ப்புகூட இல்லாத 10 ஆதரவு அதன் கீழே போகும். சதவீதம் பார்த்தால், எழுதியவரின் நண்பர் போட்ட ஒற்றை ஓட்டுக்கு 100 சதவீதம்.

நடுவே உள்ள வழி வில்சன் கீழ் எல்லை. இவ்வளவு ஓட்டை வைத்துப் பார்த்தால் உண்மையான ஆதரவு விகிதம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு அது. 1927-ல் வந்த சூத்திரம். ரெடிட் விவாதத் தளம் 2009-லிருந்து கருத்துகளின் "சிறந்தவை" வரிசைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. 95 சதவீத நம்பிக்கைக்கு (இசட் மதிப்பு 1.96) போட்டுப் பாருங்கள்: 1 ஆதரவு, 0 எதிர்ப்பு என்றால் 0.21. 10-0 என்றால் 0.72. 40-10 என்றால் 0.67. 100-40 என்றால் 0.63. நண்பரின் ஒற்றை ஓட்டு அடியில் போய்விட்டது, 10-0 முதலிடம்.

ஆனால் உங்களிடம் எதிர் ஓட்டே இல்லை. அப்போது விகிதத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) எதைப் போடுவது? அந்தப் பதிலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். பக்கம் திறந்ததை எண்ணக் கூடாது. பதில் திரைக்குள் வந்து இரண்டு வினாடியாவது நின்றதா என்று பார்த்து, உள்நுழைந்த உறுப்பினர் ஒருவருக்கு ஒரு முறைதான் எண்ண வேண்டும். முந்தி வந்தவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை இதுதான் உடைக்கும்.

உங்கள் மிளகாயையே எடுப்போம். வேப்பெண்ணெயை 900 பேர் பார்த்து 34, கந்தகத்தை 40 பேர் பார்த்து 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் விகிதம் 3.8 சதவீதம், 7.5 சதவீதம். வில்சனில் 1.96 போட்டால் 0.027, 0.026. அதாவது வேப்பெண்ணெய்தான் இன்னமும் ஒரு நூலிழை முன்னால்! 80 சதவீத நம்பிக்கைக்கு இறங்கி 1.28 போட்டால் 0.030, 0.037. கந்தகம் மேலே வந்துவிடும். ரெடிட் வெளியிட்ட நிரலிலும் 80 சதவீதம்தான் இருந்தது. கூட்டம் குறைவான இடத்தில் 95 வைத்தால் புதிய பதில் எதுவுமே தலைதூக்காது. பள்ளியில் படித்த பழக்கத்தில் பலரும் 1.96 போட்டுவிட்டு ஏன் நகரவில்லை என்று கேட்பார்கள்.

திண்ணைப்பேச்சு

எதிர் ஓட்டு வைக்கலாம், ஆனால் இலவசமாக வைக்காதீர்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் எண்களைப் பாருங்கள்: ஆதரவு ஓட்டுப் போட 15 புள்ளி இருந்தால் போதும், எதிர்த்துப் போட 125 வேண்டும். பதிலை எதிர்த்தால் எழுதியவருக்கு 2 குறையும், போட்டவருக்கும் 1 குறையும். அந்த ஒரு புள்ளிதான் கையைத் தடுக்கும். கேள்வியை எதிர்க்க அந்தச் செலவு கிடையாது. செய்தி இணைப்புகளைப் பகிரும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் இணைப்புகளுக்கு எதிர் ஓட்டே இல்லை. மட்டமானதைக் கொடி காட்டலாம், அவ்வளவுதான். டிஸ்கோர்ஸ் என்ற விவாத மன்ற மென்பொருளில் இயல்பாக இருப்பது இதயக்குறி ஒன்றுதான், அதற்கும் நாளைக்கு 50 என்று வரம்பு.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது: எதிர் ஓட்டோடு கட்டாயமாக ஒரு காரணம். "தகவல் தவறு", "இந்தக் கேள்விக்குப் பொருந்தாது", "செடிக்கோ ஆளுக்கோ கேடு". மூன்றே மூன்று, நாலாவது சேர்க்காதீர்கள். "பிடிக்கவில்லை" என்ற காரணம் பட்டியலில் இல்லாவிட்டாலே பாதிப் பேர் பேசாமல் போய்விடுவார்கள். போட்டவர் பெயர் இல்லாமல் காரணம் மட்டும் எழுதியவருக்குப் போகட்டும். "கேடு" என்று 2 பேர் சொன்னால் ஓட்டுக் கணக்குக்குக் காத்திருக்காமல் நடத்துநர் பார்வைக்கு வந்துவிட வேண்டும். பூச்சி மருந்து விஷயத்தில் பெரும்பான்மை முடிவுக்குக் காத்திருக்க முடியாது.

எழுதியவர் பதிலைத் திருத்தினால், ஏற்கெனவே எதிர்த்துப் போட்டவர்களுக்கு ஒரு தகவல் அனுப்பி ஓட்டை மாற்ற வழி திறந்துவிடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போட்ட ஓட்டு 5 நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும், பதிவு திருத்தப்பட்டால்தான் திறக்கும்.

கள்ள ஓட்டு வரும், தயாராக இருங்கள். ஒரே ஆள் ஒருவரின் பதில்களை வரிசையாகப் போய் எதிர்ப்பதுதான் வழக்கமான வகை. ஒரு மணி நேரத்தில் ஒரே எழுத்தாளருக்கு ஒருவரிடமிருந்து 5-க்கு மேல் விழுந்தால் குறித்துவைத்து இரவில் மொத்தமாக நீக்குங்கள். போடும்போதே தடுத்தால் வரம்பு என்னவென்று கண்டுபிடித்து ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐபி முகவரியை மட்டும் நம்பித் தடுக்க வேண்டாம். செல்பேசி இணைப்பில் ஆயிரம் பேர் ஒரே முகவரியில் வருவார்கள்.

கணக்குப்பிள்ளை

திண்ணைப்பேச்சு சொல்வதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. எதிர் ஓட்டுக்குப் புள்ளி கழித்தால், தவறைச் சுட்டிக்காட்டத் தெரிந்த நாலு பேரும் சும்மா இருந்துவிடுவார்கள். உங்கள் தளத்தில் பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? காரணம் கேளுங்கள், அபராதம் வேண்டாம்.

நிரலன்

ரெண்டு லைக் விழுற விஷயத்துக்கு வர்றேன். "ஏற்கெனவே போட்டிருக்காரா"ன்னு முதல்ல தேடி, இல்லைன்னா சேர்க்கிற மாதிரி எழுதியிருப்பீங்க. இணைப்பு மெதுவா இருக்கும்போது ஆள் ரெண்டு தடவை தட்டுவார். ரெண்டு கோரிக்கையும் ஒரே நொடியில தேடும், ரெண்டுக்கும் "இல்லை"ன்னு பதில் வரும், ரெண்டும் சேர்க்கும். உறுப்பினர் எண், பதில் எண் ரெண்டையும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் (அதே ஜோடி ரெண்டாவது தடவை ஏறாம தடுக்கிறது) போடுங்க. சேர்க்கும்போது "ஆன் கான்ஃபிளிக்ட்" வச்சு, இருந்தா மதிப்பை மாத்தட்டும். ஏற்கெனவே இரட்டையா இருக்கிறதை நீக்கின பிறகுதான் இண்டெக்ஸ் ஏறும், முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க.

லைக் காணாம போறது வேற நோய். உங்க பொத்தான் "மாத்து"ன்னு அனுப்புதா? இருந்தா எடு, இல்லைன்னா போடுன்னு? அப்படின்னா பதில் வரத் தாமதமாகி செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினா, போட்டது எடுபட்டுடும். "மாத்து"ன்னு அனுப்பாதீங்க. வேண்டிய நிலையை அனுப்புங்க: 1, 0, -1. பத்து தடவை வந்தாலும் முடிவு ஒண்ணுதான்.

ஓட்டை கெட் (படிக்க மட்டுமான) கோரிக்கையா வைக்காதீங்க, போஸ்ட்டா (தகவலை மாத்துறதுக்கானது) வைங்க. இல்லைன்னா இணைப்பை முன்கூட்டியே திறந்து பார்க்கிற உலாவி எல்லாத்துக்கும் ஓட்டுப் போட்டுட்டுப் போயிடும். மொத்த எண்ணிக்கையை பதில் அட்டவணையில தனி நெடுவரிசையா வச்சா, ஓட்டையும் எண்ணிக்கையையும், நடந்தா ரெண்டும் இல்லைன்னா ரெண்டுமே இல்லைங்கிற மாதிரி, ஒரே டிரான்சாக்‌ஷன்ல மாத்துங்க. ராத்திரி ஒரு தடவை ஓட்டு அட்டவணையிலிருந்து மறுபடி எண்ணிச் சரிபாருங்க. வித்தியாசம் வந்துக்கிட்டே இருந்தா எங்கேயோ ஒரு பாதை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே ஓடுதுன்னு அர்த்தம்.

மொட்டைமாடி

மிக்க நன்றி. "மாத்து" என்றுதான் அனுப்புகிறோம், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இரண்டு ஐயம். முகப்பில் கேள்விகளை அடுக்கவும் இதே வில்சன்தானா? கேட்டவரே "இதுதான் விடை" என்று தேர்ந்தெடுப்பதை எங்கே வைப்பது? அந்த மிளகாய்க்காரர் பத்து நிமிடத்தில் வேப்பெண்ணெய்க்கு டிக் போட்டுவிட்டார்.

கணக்குப்பிள்ளை

முகப்புக்கு வில்சன் வேண்டாம், அங்கே காலம் கணக்கில் வர வேண்டும். ஹேக்கர் நியூஸ் பாணிதான் எளிது: புள்ளியில் ஒன்றைக் கழித்து, அதை (மணி நேரம் + 2)-ன் 1.8 அடுக்கால் வகுப்பது. ஒரு மணி நேரமான, 11 புள்ளி பெற்ற பதிவுக்கு ஈடாக, 24 மணி நேரமான பதிவு ஏறக்குறைய 490 புள்ளி வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது மிகக் கடுமை. நாளைக்கு 40 கேள்வி வரும் இடத்தில் அடுக்கை 1.2 அளவுக்குக் குறைத்துத் தொடங்குங்கள். ரெடிட் வழியில் ஓட்டின் மடக்கையோடு காலத்தைக் கூட்டுவார்கள்: பத்து மடங்கு ஓட்டு 45,000 வினாடிக்கு, அதாவது பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சமம். அதில் பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை, ஓட்டு விழும்போது மட்டும் மாற்றினால் போதும். பதில்களுக்கு மட்டும் காலத் தேய்மானம் வைத்துவிடாதீர்கள். முரணைச் சிலந்திக்கு மருந்து அடுத்த வருடமும் அதேதான்.

திண்ணைப்பேச்சு

டிக் போட்டதை மேலே ஒட்டிவைக்காதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2021-ல் அப்படி ஒட்டுவதை நிறுத்திவிட்டது. அங்கே கேட்டு 15 நிமிடம் ஆகாமல் டிக் போடவும் முடியாது. உங்களுக்கு 15 நிமிடம் பத்தாது. மருந்து அடித்து இலை துளிர்க்க ஒரு வாரம் ஆகும், ஆகவே 7 நாள் கழித்து "எது பலித்தது?" என்று கேட்டவருக்கு நீங்களே ஒரு நினைவூட்டல் அனுப்பி, அங்கேயே டிக் போட விடுங்கள்.

நிரலன்

பழைய லைக் எல்லாத்தையும் "நன்றி" கணக்குல ஏத்திடுங்க. "பலன் தந்தது" பூஜ்யத்துல தொடங்கட்டும். பழைய பதில்களுக்குப் பார்வை எண்ணிக்கை உங்ககிட்ட இல்லை, கற்பனையா ஒரு எண்ணைப் போட்டு நிரப்பாதீங்க. மாத்தின அன்னிக்கே அந்த 34-ஐயும் நன்றிப் பக்கம் தெரியுற மாதிரி காட்டுங்க, இல்லைன்னா "என் லைக் எங்கே"ன்னு முதல் கேள்வியே அதுவாத்தான் வரும்.