சைகடெலிக் ராக்: தமிழில் என்ன சொல்லலாம்?

சனி, காலை 7.40

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்காக மேற்கத்திய இசை வரலாற்றுக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் உருவான 'தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு (1966) ஒரு பக்கத்துக்கு வருகிறது. தட்டின் பெயரிலேயே 'சைகடெலிக்' இருப்பதால் சுற்றிப் போக வழியில்லை. 'மாயத்தோற்றம் தரும்' என்று எழுதினால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. இன்னொரு சொல்லும் வேண்டும். அக்குழுவின் டாமி ஹால் ஒரு சாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் குரலால் குடுகுடுவென்று ஒலியெழுப்புவார். அந்த 'எலெக்ட்ரிக் ஜக்'கை என்னவென்று சொல்வது?

சனி, காலை 9.15

அம்மா, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' அறிவுக்கு எட்டாத வியப்பு. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. மருட்கை இசை என்று எழுதுங்கள்.

சனி, காலை 10.02

ஐயா, நூற்பா அருமை. ஆனால் இன்று மருள் என்றால் மயக்கம்தானே? குறளும் 'மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு' என்கிறது. அந்தத் தட்டின் பின்னட்டைக் குறிப்பைப் படித்திருக்கிறேன். மனிதன் வேதிப்பொருளால் மனநிலையை மாற்றி, அதன்மூலம் தன் பார்வையையே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. சரியோ தவறோ, அவர்கள் கோரியது மருளை அல்ல, மாசறு காட்சியை. சைகடெலிக் என்ற சொல்லை ஆக்கிய மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் பித்து, மயக்கம் என்ற வாடை இல்லாத சொல்லைத்தான் தேடினார். 1956இல் அவரும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் கடிதத்தில் இதையே விவாதித்தார்கள். ஹக்ஸ்லி சொன்னது 'ஃபெனரோதைம்'. அது நிற்கவில்லை.

சனி, பகல் 12.30

கிரேக்கத்தில் சைகி என்றால் உள்ளம், டேலோஸ் என்றால் தெளிவாகத் தெரிவது. டேலோஸ், தெளி, தெரி மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். வேர் ஒன்றுதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். 'தெள்' என்பதன் அடியாகத் தெள்ளு, தெளிவு, தெருள் எல்லாம் வருகின்றன. மருளுக்கு எதிர்ச்சொல்லே தெருள்தான்! உளத்தெருள் இசை.

சனி, பிற்பகல் 2.10

அண்ணா, ஓசை ஒத்தால் உறவாகிவிடாது. ஒழுங்கான ஒலிமாற்றத்தைப் பல சொற்களில் காட்டினால்தான் வேர் ஒன்று என்று பேசமுடியும். தெருள் நல்ல சொல், சந்தேகமில்லை. ஆனால் எந்த மாணவனுக்குப் புரியும்? 'உளவெளி இசை' என்றால் என்ன? உள்ளம் வெளிப்படுவதும் வரும், உள்ளே விரியும் வெளியும் வரும்.

சனி, மாலை 4.45

உளவெளியை என் மகள் 'உளவு எளி' என்று பிரித்துப் படித்தாள். உளவாளிப் படத்துப் பாட்டா என்று கேட்டாள்.

சனி, மாலை 5.05

உளவியலை யாரும் அப்படிப் பிரிப்பதில்லையே அக்கா. புழங்கினால் பழகிவிடும்.

சனி, இரவு 8.20

ராக்கையும் தமிழாக்கி விடுங்கள். பாறை இசை என்று எழுதியவர்கள் உண்டு.

சனி, இரவு 8.50

தயவுசெய்து வேண்டாம். ராக் அண்ட் ரோலில் உள்ள ராக் ஆட்டம், அசைவு. கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தவறான தமிழைவிட ராக் என்று விடுவதே மேல். சைகடெலிக்கையும் அப்படியே விடலாம். பையன் நாளை அந்தப் பாட்டை இணையத்தில் தேடவேண்டும், உளத்தெருள் என்று தேடினால் கிடைக்குமா?

சனி, இரவு 10.15

தேடுவதற்கு மூலப்பெயர் போதும். புரிந்துகொள்வதற்குத் தமிழ் வேண்டும். வகுப்பு எதற்காக நடக்கிறது?

ஞாயிறு, காலை 8.00

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பின் பக்கம்தான் இருக்கிறார்கள். எனவே தலைப்பில் 'சைகடெலிக் ராக்', முதல் பத்தியில் ஒரே ஒரு முறை 'உளவெளி இசை' என்ற விளக்கம். அட்டைப்படத்தின் நடுவே பெரிய கண் ஒன்று இருப்பதால் காட்சி, மருள் பற்றிய பேச்சையும் இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். ஜக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 'மின்சாடி' என்று போட்டுவிடவா?

ஞாயிறு, காலை 8.25

சாடிக்குள் மின்சாரம் எங்கே இருக்கிறது? ஒலியைப் பெருக்கியது மைக். 'மைக் பிடித்த சாடி' என்றே விளக்கி எழுதுங்கள். மற்றபடி மருட்கைதான் சரியான சொல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.