விடியற்காலையில்தான் அதிக உயிர்கள் பிரிகின்றனவா?

கேள்வி – நாலாம்சாமம்:
எங்கள் குடும்பத்தில் தாத்தா, பெரியப்பா, கடந்த மாசியில் அத்தை என மூவரும் கோழி கூவும் நேரத்தில்தான் காலமானார்கள். நோயாளி நாலாம் சாமத்தைத் தாண்டிவிட்டால் அன்றைய பொழுதுக்குப் பயமில்லை என்று பாட்டி சொல்வார். இதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா, அல்லது விடியலில் வந்த சாவுகள் மட்டும் நம் மனத்தில் தங்கிவிடுகின்றனவா?

பதில் – துடிப்பு:
இதயத்தைப் பொறுத்தவரை ஆதாரம் உண்டு. ஆனால் நேரம் சற்றுத் தள்ளி வருகிறது. 1985இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நோயாளி சொன்ன நேரத்தை மட்டும் நம்பாமல், இதயத்தசை சிதையும்போது இரத்தத்தில் ஏறும் நொதியின் அளவைக் கொண்டும் மாரடைப்பு தொடங்கிய நேரத்தைக் கணக்கிட்டார்கள். இரவு 11 மணியளவில் தொடங்கியவற்றைப் போல மூன்று மடங்கு மாரடைப்புகள் காலை 9 மணியளவில் தொடங்கியிருந்தன. விழிப்பதற்கு முன்பே கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ஏறத் தொடங்குகிறது. எழுந்து நடமாடும்போது இரத்த அழுத்தம் கூடுகிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கும் திறனோ அந்நேரத்தில் குறைந்திருக்கிறது. ஆகவே பாட்டி அஞ்சிய வேளையைவிட, பல் துலக்கிக் காபி குடிக்கும் வேளைதான் இதயத்துக்குச் சோதனையானது.

பதில் – இரவுப்பணி:
செவிலியாகப் பதினொரு ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஐந்து மணிக்குக் காய்ச்சலும் பிபியும் பார்க்கப் போய், போர்வையை விலக்கிக் கையைத் தொட்டால் சில்லென்றிருக்கும், தாடை இறுகியிருக்கும். உயிர் பிரிந்து சில மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் மருத்துவர் வந்து உறுதிசெய்த நேரமே கேஸ் ஷீட்டில் ஏறும். வீடுகளிலும் காபிக்கு எழுப்பும்போதுதான் தெரியவருகிறது. அதற்காகப் பாட்டியை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது: ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழல் மிகவும் சுருங்குவது அதிகாலை நான்கு மணியை ஒட்டித்தான். நெபுலைசருக்கு ஆள் எழுப்பும் நேரமும் அதுவே.

பதில் – மணிக்கூண்டு:
2012இல் வந்த மற்றோர் ஆய்வு, உடற்கடிகார மரபணு ஒன்றின் வகையைப் பொறுத்து, முதியோரில் ஒரு சாரார் சராசரியாக முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்பும், மறு சாரார் மாலை 6 மணிக்குச் சற்று முன்பும் இறந்ததாகக் காட்டியது. அது கூட்டத்தின் சராசரிதான். தனியொருவருக்கு நாள் குறிக்கும் ஜாதகக் கட்டம் அன்று.

நாலாம்சாமம்:
அப்படியானால் அப்பாவின் பிபி மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா?

துடிப்பு:
அதனால் தனிப் பலன் இல்லை. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் பங்கேற்று 2022இல் முடிவு வெளியான சோதனையில், காலையில் உட்கொண்டவர்களுக்கும் மாலையில் உட்கொண்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றில் வேறுபாடு தென்படவில்லை. மறக்காமல் உட்கொள்ளும் நேரமே அவருக்கு ஏற்ற நேரம். நெஞ்சுவலி வந்தால் மட்டும், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

நாலாம்சாமம்:
இப்போதுதான் உறைக்கிறது. அத்தை ஒரு மணிக்குத் தண்ணீர் கேட்டார். பால்காரர் வந்த ஐந்து மணிக்குத்தான் அவர் அசைவற்றுக் கிடந்ததைப் பார்த்தோம். திதி குறிக்க வந்தவரிடமும் ஐந்து என்றே சொன்னோம்.