கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வாங்குதல்: கர ரசீது ஒருவர் பெயரில், வாரிசுகள் பலர்

எல்லைவாசி:

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே 14 சென்ட் இடமும் அதிலுள்ள ஓட்டு வீடும் 30 லட்ச ரூபாய்க்கு விலைக்கு வந்துள்ளன. விற்பவரும் எங்களைப் போலத் தமிழ் பேசும் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த இடம் அவருடைய தந்தைக்கு 1976-இல் லேண்ட் டிரிப்யூனல் பட்டயத்தின் (நிலத் தீர்ப்பாயம் குத்தகைதாரருக்கு வழங்கும் உரிமைச் சான்று) மூலம் கிடைத்தது. தந்தை உயில் எழுதாமல் 1998-இல் காலமானார். தாயார் மகனுடன் இருக்கிறார், ஒரே தங்கை பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இப்போது வில்லேஜ் ஆபீஸில் கரம் (நில வரி) கட்டும் ரசீது மகன் பெயரில் மட்டுமே வருகிறது. அவர் காட்டிய 15 ஆண்டு வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. "தங்கைக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், அவளுக்கு இதில் பங்கில்லை" என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். ரசீதில் 10 சென்ட் புரையிடம் (மேட்டு மனை) என்றும் 4 சென்ட் நிலம் என்றும் இருக்கிறது. அவருடைய கையெழுத்து மட்டும் போதுமா? தேவைப்பட்டால் தங்கையின் வசதிக்காகப் பொள்ளாச்சியிலேயே பதிவு செய்துகொள்ள முடியுமா? ஆதாரத்தை (விற்பனைப் பத்திரத்தை) தமிழில் எழுத இயலுமா?

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி, சொத்து எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் இருக்கிறதோ, பொதுவாக அங்கே விற்பனைப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எனவே கேரளத்துச் சொத்தைப் பொள்ளாச்சியில் பதிவு செய்ய வழியில்லை. தங்கையால் வர முடியாவிட்டால், 33-ஆம் பிரிவின்படி அவர் வசிக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன் பவர் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். மொழியைப் பொறுத்தவரை, பதிவாளருக்குப் புரியாததும் அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காததுமான மொழியில் பத்திரம் இருந்தால்தான் 19-ஆம் பிரிவு மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. ஆனாலும் நாளை வங்கியும் வில்லேஜ் ஆபீஸும் அதைப் படிக்க வேண்டியிருப்பதால், மலையாளத்தில் எழுதி, கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டுவதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

செலவில் தமிழ்நாட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8 சதவீதமும் 2 சதவீதமும். 30 லட்சத்துக்கு 3 லட்சம் ஆகும். அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்துள்ள நியாய விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தத் தொகைக்குக் கட்ட வேண்டும்.

வில்லங்கச் சான்று 15 ஆண்டுக்கு மட்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. தந்தை இறந்த ஆண்டே அதற்குள் வரவில்லை. 1976 முதல் இன்றுவரை எடுங்கள். இடையில் பதிவு அலுவலகத்தின் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடச் சொல்லுங்கள். சர்வீஸ் சகரண (கூட்டுறவு) வங்கியின் கஹான் (கடனுக்கான அடமானப் பதிவு) அதில் தெரியும். ஆனால் மூலப் பத்திரத்தை வங்கியில் வெறுமனே ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் தெரியாமல் போகலாம். ஆகவே பட்டயத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பட்டயத்தில் பழைய சர்வே எண்ணும் ரசீதில் பிளாக் எண்ணுடன் ரீசர்வே (மறு அளவை) எண்ணும் இருக்கும்; இரண்டும் ஒரே இடம்தான் என்பதை வில்லேஜ் ஆபீஸில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சித்தூர் வழக்கறிஞர்:

கர ரசீதும் போக்குவரவும் (வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம்) வரி யார் கட்டுகிறார் என்பதற்கான பதிவுகளே தவிர, சொத்தின் உரிமைக்குச் சான்று ஆகா. இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். திருமணத்தில் போட்ட நகை இந்தப் பங்கை அழிப்பதில்லை. தங்கை உண்மையிலேயே விட்டுக்கொடுத்திருந்தால் பதிவு செய்யப்பட்ட ஒழிமுறி (விடுதலைப் பத்திரம்) இருக்க வேண்டும். வாய்ச்சொல்லோ வெள்ளைத்தாள் கையெழுத்தோ போதாது.

பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. தந்தை இறந்த நாளில் அவருடைய தாயார், அதாவது விற்பவரின் பாட்டி, உயிருடன் இருந்தாரா? இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி பிள்ளைகளோடு சம பங்கு பெறுபவர். எங்கள் பக்கத்தில் வாரிசுகள் என்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு கணக்கை முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. சட்டம் அப்படி முடிப்பதில்லை.

எல்லைவாசி:

விசாரித்தேன் ஐயா. பாட்டி 2003 வரை இருந்திருக்கிறார், அவரும் உயில் எழுதவில்லை. தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். விற்பவருக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் இருக்கிறார்கள். ஆனால் 25 ஆண்டுக்கும் மேலாக இவர் ஒருவரே அனுபவித்து, கரமும் கட்டி வருகிறாரே, அதற்கு மதிப்பில்லையா?

சித்தூர் வழக்கறிஞர்:

அப்படியானால் கணக்கு மாறுகிறது. 1998-இல் 14 சென்ட்டும் நான்காகப் பிரிந்து தாயார், மகன், மகள், பாட்டி ஒவ்வொருவருக்கும் மூன்றரை சென்ட் ஆனது. 2003-இல் பாட்டியின் மூன்றரை சென்ட் அவருடைய நான்கு பிள்ளைகளின் வழியே இறங்குகிறது: பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோருக்குத் தலா 0.875 சென்ட், முன்பே இறந்த தந்தையின் பங்கான 0.875 அவருடைய மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதி. ஆக, முழு இடத்தையும் விற்பதாகச் சொல்பவருக்கு உள்ளது 4 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு.

அனுபவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 12 ஆண்டு எதிரிடை அனுபவம் (பிறர் சொத்தை நெடுங்காலம் கைவசம் வைத்திருந்தே உரிமை கோருவது) என்ற வாதம் அந்நியருக்கு எதிராக எழுவது போல உடன்வாரிசுகளுக்கு எதிராக எளிதில் எழாது. கூட்டுரிமையாளர்களில் ஒருவர் கைவசம் வைத்திருப்பது எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை விலக்கியதை நிரூபித்தால்தான் காலம் ஓடத் தொடங்கும்.

பட்டயத்தைக் கொடுத்த டிரிப்யூனல் உத்தரவின் நகலையும் எடுங்கள். 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் பட்டயம் வலுவான சான்றுதான். ஆனால் பாட்டம் (குத்தகை) தாத்தா காலத்திலிருந்து வந்ததாக இருந்தால், ஒருவர் பெயரில் வாங்கிய பட்டயம் உடன்பிறந்தோர் அனைவருக்கும் உரியது என்ற வாதத்துக்கு இடமுண்டு. அப்போது பெரியப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் சிறு பங்குக்காரர்களாக நிற்க மாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் பாதுகாப்பான வழி ஒன்றே: தாயார், மகன், மகள், பெரியப்பா, சித்தப்பா, அத்தை அறுவரும் ஒரே ஆதாரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும்.

வேலந்தாவளம் விவசாயி:

அந்த 4 சென்ட் "நிலம்" பற்றி யாரும் சொல்லவில்லையே. வருவாய்க் கணக்கில் அது வயல். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. முதலில் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) டேட்டா பேங்கை, அதாவது நெல்வயல், சதுப்புநிலப் பட்டியலைப் பாருங்கள். அதில் அந்த எண் இருந்து, ஆனால் இடம் 2008-க்கு முன்பே கரையாக (மேட்டு நிலமாக) மாறியிருந்தால், நீக்கக் கோரி ஐந்தாம் படிவம் கொடுக்க வேண்டும். அதில் இல்லாவிட்டால் தன்மை மாற்றத்துக்கு ஆறாம் படிவம். 30.12.2017 அன்றைய நிலவரப்படி 25 சென்ட்டுக்குள் உள்ள இடத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. இந்த வேலையை விற்பவர் பெயரில் இருக்கும்போதே முடித்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு அலைவது உங்கள் பாடு. கோப்புகள் அங்கே பாரதப்புழை போலக் கோடையில் நின்றுவிடும்.

எல்லைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியப்பாவும் சித்தப்பாவும் வரச் சம்மதித்துவிட்டார்கள். அத்தை மட்டும் பிடி கொடுக்கவில்லை. மற்ற ஐவரிடம் இப்போது வாங்கிவிட்டு, அத்தையின் ஒரு சென்ட்டுக்கும் குறைவான பங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். அச்சாரமும் கேட்கிறார்.

சித்தூர் வழக்கறிஞர்:

பிரிக்கப்படாத பங்குகளை வாங்குவது செல்லும். ஆனால் இது குடும்பம் வாழும் வீடு என்பதை நினைவில் வையுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியார், அந்த வீட்டில் கூட்டாகக் குடியேறும் உரிமையைக் கோர முடியாது. நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவைக் காட்டி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு உங்கள் பங்கையே அத்தை வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். பங்கு சிறிது என்பதால் அந்த உரிமை சிறிதாகிவிடாது.

கராரைப் பொறுத்தவரை, விற்பனை உடன்படிக்கை தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. எனவே அத்தை உட்பட அறுவரும் கராரில் கையெழுத்திடும் நாளில் மட்டும் அச்சாரம் கொடுங்கள். வயல் வகை மாற்றம் முடிந்த பிறகே மீதித் தொகை என்ற நிபந்தனையையும், கிரயத்துக்கான தேதியையும் அதில் எழுதுங்கள். அவர்கள் பின்வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால் தேதி இல்லாத கரார் வேண்டாம். அத்தையிடம் விற்பவரை அனுப்பாமல் நீங்களே ஒருமுறை பேசிப் பாருங்கள்; பெரும்பாலும் இத்தகைய மறுப்பு பங்குக்காக அல்ல, இதுவரை யாரும் தம்மைக் கேட்கவில்லை என்பதற்காகவே இருக்கும்.