மூன்று மாதம் வேன் வண்டியில் கிடந்தால் அது கனடாவின் வடக்கில் வாழ்ந்ததாகுமா?

வேன்வாசி:
போன வாரம் கோடைப் பயணங்கள் இழையில் நானும் என் கணவரும் கனடாவின் வடமேற்கு மூலையில், யூகானில் உள்ள டாசன் சிட்டியில் இருந்ததைப் பற்றி நாலு வரி போட்டிருந்தேன். "யூகானில் ஒரு கோடை முழுக்க வாழ்ந்தோம்" என்று எழுதியது யூகானின் தலைநகரில் இருக்கும் வைட்ஹார்ஸ்_வாசிக்குப் பொறுக்கவில்லை. "அது வாழ்வதில்லை, நீண்ட சுற்றுலா" என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே இடம் இல்லை, அதனால் தனி இழை.

மே கடைசியில் எட்மன்டனிலிருந்து கிளம்பினோம். பழைய ஃபோர்டு டிரான்சிட் வேன். கட்டில், அடுப்பு, கூரையில் சோலார் தகடு எல்லாம் என் கணவரே பொருத்தியது. டாசன் கிரீக்கில் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து, லியார்டு வெந்நீர் ஊற்றில் ஒரு நாள் ஊறி, வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் வழியாக ஆறாம் நாள் டாசன் சிட்டி. மொத்தம் 2,500 கி.மீ.க்குச் சற்று மேல். (டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. நடுவில் ஏறத்தாழ 1,950 கி.மீ. இருக்கிறது. என் மாமியார் இன்னும் இரண்டையும் ஒன்றென்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

அவருக்கு ஒரு விடுதிச் சமையலறையில் வேலை, எனக்கு ஒரு பேக்கரியில். இரண்டும் போனிலேயே பேசி முடித்தது. விடுதியின் பின்முற்றத்தில் வேனை நிறுத்திக்கொள்ள முதலாளி இடம் கொடுத்தார். தண்ணீர் அங்கிருந்தே. குளியல், காசு போட்டால் ஓடும் ஷவரில்.

ஜூனில் அங்கே சூரியன் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் மறையும், நாலு மணிக்கு முன்பே திரும்ப வந்துவிடும். இடையிலும் இருட்டாகாது. ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டினோம். ஒரு மூலையில் ஊசிமுனை அளவு கிழிசல். அந்தப் புள்ளி வெளிச்சம் அவர் நெற்றியில் விழுந்து, புருவத்துக்கு இறங்கி, ஒரு மணி நேரத்தில் காதுக்கு வந்தது. நான் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், தூக்கமே இல்லை. சுற்றுலாப் பயணி யாராவது இப்படி மூன்று மாதம் கிடப்பாரா? வேலை பார்த்தோம், சம்பளத்தில் வரி பிடித்தார்கள், தபால் அட்டைகூட அந்த ஊர் முகவரிக்குத்தான் வந்தது.

வைட்ஹார்ஸ்_வாசி:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். ஒற்றை வரியில் போட்டது என் பிழைதான். ஆனால் கருத்து அதேதான்.

இங்கே ஒருவரைப் பார்த்தால் "எத்தனை வருசமாக இருக்கிறீர்கள்" என்று கேட்பது குறைவு. "எத்தனை குளிர்காலம்" என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஒன்பது. தங்கம் தேடி வந்த காலத்திலிருந்தே இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. புதிதாக வந்தவர் சீச்சாக்கோ. ஆறு உறைவதையும் பிறகு உடைவதையும் இங்கேயே இருந்து பார்த்தவர் சவர்டோ, அதாவது புளித்த மாவு. அந்தக் காலத்து ஆட்கள் ரொட்டிக்கு உறைமாவை உறைந்து போகாமல் உடம்போடு அணைத்து வைத்திருந்ததால் வந்த பெயர். உங்களுக்கு இன்னும் புளிக்கவில்லை என்று சொன்னால் அது வசை இல்லை, கணக்கு.

நீங்கள் பார்த்த டாசன் மே தொடக்கம் செப்டம்பர் வரை திறந்திருக்கும் கடை. அக்டோபரில் யூகான் ஆற்று ஃபெர்ரியைக் கரையேற்றி விடுவார்கள். (எங்கட யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் 'பாதை'ப் படகு மாதிரித்தான் அதுவும், காசில்லாமல் ஏறலாம்.) பிறகு ஆறு கட்டியாகும்வரை மறுகரையில் மேற்கு டாசனில் இருப்பவர்கள் அந்தக் கரையிலேயே. 2016-17 குளிர்காலத்தில் ஊருக்கு நேரே ஆறு ஒழுங்காக மூடவே இல்லை, அடுத்த வருசமும் அதே கதை. யூகானின் ஸ்னாக் என்ற இடத்தில்தான் 1947 பிப்ரவரி 3ஆம் தேதி மைனஸ் 63 பதிவானது. அந்த அளவுக்கு இப்போது போவதில்லை, ஆனால் மைனஸ் 40இல் இயந்திரத்தின் சூடேற்றியை மின்சாரத்தில் சொருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. உங்கள் வேன் அப்போது எங்கே நின்றது? எட்மன்டனில்.

கணக்கர்:
தத்துவம் கிடக்கட்டும். பணக்கணக்கு யாராவது போட்டீர்களா? எட்மன்டன் போய்வர 5,000 கி.மீ. சொச்சம். டாசனிலிருந்து டெம்ப்ஸ்டர் சாலையில் ஏறி ஆர்க்டிக் கடல்வரை போனதாகப் பழைய இழையில் எழுதியிருந்தீர்கள், அது போய்வர இன்னொரு 1,800. மொத்தம் 6,900 என்று வையுங்கள். நூறு கி.மீ.க்கு 13 லிட்டர் குடிக்கும் வேன் என்றால் கிட்டத்தட்ட 900 லிட்டர். சராசரி லிட்டர் 2 டாலர் என்று வைத்தால் 1,800 டாலர் எண்ணெய்க்கே போச்சு. டயர், காப்பீடு தனி. பேக்கரிச் சம்பளத்தில் என்ன மிஞ்சியது?

வேன்வாசி:
வாடகை கொடுக்காததால் மிஞ்சியது, கணக்கர் சார். எட்மன்டன் வீட்டை விட்டுவிட்டுத்தான் போனோம். நீங்கள் கணக்கில் விட்டது கொசு மருந்து. அதற்கே ஒரு தனிப் பத்தி ஒதுக்கலாம்.

டயர் கதை கேட்டீர்களே. டெம்ப்ஸ்டரில் ஈகிள் பிளெயின்ஸ் தாண்டி முப்பது கி.மீ. போயிருப்போம், ஆர்க்டிக் வட்டப் பலகை இன்னும் வரவில்லை. பின்பக்க இடது டயர் போயிற்று. அந்தச் சாலையில் சரளைக் கல் உருண்டையாக இருக்காது, ஓடு மாதிரித் தட்டையாக, விளிம்பு கத்தியாக இருக்கும். நான் ஜாக்கியைச் சுற்றினேன், அவர் என் முதுகில் பட் பட் என்று அடித்துக்கொண்டே நின்றார். கொசு. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். எதிரே வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, முதலில் அவரைத்தான் முறைத்தார்.

கணக்கர்:
ஒரே ஒரு ஸ்பேர் டயரோடு போனீர்களா? டாசன் திருப்பத்திலிருந்து 369ஆவது கி.மீ.யில் ஈகிள் பிளெயின்ஸ். அதுவரை பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கடுத்து ஃபோர்ட் மெக்ஃபெர்சன், 550க்குப் பக்கம். செல்போன் சிக்னலும் இராது. இதைச் 'சாகசம்' என்று எழுதி வைத்தால் படிக்கிற பையன்கள் நாளைக்கே கிளம்பிவிடுவார்கள்.

வேன்வாசி:
இரண்டு ஸ்பேர். ஒன்றை மாட்டிவிட்டு ஈகிள் பிளெயின்ஸுக்கே திரும்பிப் போய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டுதான் மேலே போனோம். அந்த ஒரு நாள் அதிலேயே போனது.

ஊர்சுற்றி:
அக்கா, நான் சென்னையிலிருந்து. அடுத்த வருடம் கனடா வர விசா போட்டிருக்கிறேன். வைட்ஹார்ஸில் கேம்பர் வாடகைக்கு எடுத்து டெம்ப்ஸ்டர் போகலாமா?

கணக்கர்:
பார்த்தீர்களா! சொல்லி வாய் மூடவில்லை.

தம்பி, பல வாடகை ஒப்பந்தங்களில் சரளைச் சாலை கூடாது, குறிப்பாக டெம்ப்ஸ்டர் கூடாது என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் முழுதும் படியுங்கள்.

வைட்ஹார்ஸ்_வாசி:
அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று போகிறவர்கள் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் நான்கு காவலர் கிளம்பினார்கள். தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்டு. வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி ஆள் ஒருவர் கொஞ்ச தூரம் கூட வந்தார், அவரைக் கணக்குத் தீர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப வேண்டிய ஓடையைத் தவறவிட்டார்கள். நாய்களை ஒவ்வொன்றாகத் தின்று, கடைசியில் நாலு பேரும் செத்தார்கள். 1911 மார்ச்சில் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்தவர்தான் டெம்ப்ஸ்டர். சாலை திறந்தது 1979இல்.

வந்துபோகிறவனுக்கும் இருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு இதைவிட வடிவாகச் சொல்ல வராது.

இரவுப்பணி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நான் நர்ஸ். டெம்ப்ஸ்டர் சாலையின் வடகோடி ஊரான இனுவிக்கில் இரண்டு ஒப்பந்தம் செய்தேன், ஒன்று கோடை, ஒன்று குளிர். ஆகையால் அண்ணையின் அளவுகோலில் நான் பாதி புளித்தவள்.

அண்ணை, "குளிர்காலம்தான் உண்மையான வடக்கு" என்பது வெளியிலிருந்து போய்க் குடியேறியவர்களின் பெருமை. அங்கேயே பிறந்தவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஜூலையில் இனுவியாலுயிட் பழங்குடிக் குடும்பங்கள் பெலுகா திமிங்கல வேட்டைக்குக் கடற்கரை முகாம்களுக்குப் போய்விடும். மெக்கென்சி, பீல் ஆற்றங்கரைகளில் குவிச்சின் ஆட்கள் மீன் முகாம் போட்டு, மீனைக் கீறிப் புகையில் உலர்த்துவார்கள். எனக்கு ஒரு பாட்டி காட்டினார்: தோல் அறுபடாமல் சதையில் மட்டும் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு கீறல், வரிசையாக. நான் அறுத்த முதல் மீன் இரண்டாகக் கையோடு வந்துவிட்டது. வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டியதை அந்த வெளிச்சத்தில்தான் சேர்க்கிறார்கள். இனுவிக்கில் ஏறத்தாழ எட்டு வாரம் சூரியன் மறைவதே இல்லை. பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு சைக்கிள் ஓட்டுவார்கள். அது வாழ்க்கை இல்லையா? அந்தப் பாட்டி செப்டம்பரில் ஊருக்குள் வந்தால் முகாமில் வாழ்ந்தது பொய்யாகிவிடுமா?

வைட்ஹார்ஸ்_வாசி:
அந்தப் பாட்டி திரும்பவும் அதே முகாமுக்குப் போவார். அவருடைய அம்மாவும் போனவர். வேன் அடுத்த வருசம் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போகும். இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது?

கோடையைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று: ஆர்க்டிக் கடலோரத் துக்தோயாக்துக் ஊர்க்காரருக்கு 2017 நவம்பர் வரை சாலை என்றாலே குளிர்காலம்தான், உறைந்த ஆற்றிலும் கடலிலும் போடும் பனிக்கட்டிச் சாலை. இனுவிக்கிலிருந்து 138 கி.மீ. சரளைச் சாலை போட்டபிறகுதான் வேன்கள் கடலில் கால் நனைக்கப் போகின்றன. அங்கே போய், உள்ளே பனிக்கட்டி கொண்ட பிங்கோ குன்றைப் படம் பிடித்துவிட்டு, கரை அரிப்பால் வீடுகளையே உள்ளே நகர்த்த வேண்டிவந்ததை எத்தனை பேர் எழுதினார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், தங்கச்சி மனதில் வைக்கக்கூடாது. டாசனில் இருப்பது 1,500 பேருக்குச் சற்று மேல். குடியிருக்க வீடு கிடைப்பதே பாடு. தங்கம் என்றதும் 1898இல் முப்பதாயிரம் பேர்வரை வந்து குவிந்தார்கள். டாசனை ஒட்டிய குளோண்டைக் ஆற்று முகத்தில் ட்ரோண்டெக் வெச்சின் பழங்குடி மக்களின் மீன்பிடி முகாம் இருந்தது, அது அவர்கள் கையைவிட்டுப் போனது. தலைவர் ஐசக் தன் ஆட்களை ஐந்து கி.மீ. கீழே மூஸ்ஹைடுக்கு அழைத்துப்போனார். பாட்டுகள் அழிந்துவிடுமோ என்று பயந்து அலாஸ்காவில் உள்ள உறவினரிடம் கொண்டுபோய்க் கொடுத்து வைத்தார்கள். 1899இல் அலாஸ்காவின் நோமில் தங்கம் என்று செய்தி வந்ததும் வந்த கூட்டம் ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டது. அவர்களும் டாசனில் "வாழ்ந்தவர்கள்"தான்.

வேன்வாசி:
இது கொஞ்சம் அதிகம். நானும் அவரும் ரொட்டி விற்று, பாத்திரம் கழுவினோம். யாருடைய ஆற்று முகத்தையும் பிடுங்கவில்லை. வீடு கிடைக்காத ஊரில் வீடு கேட்காமல் வேனில் கிடந்ததைக் குற்றம் என்கிறீர்களா? நாங்கள் இல்லாவிட்டால் அந்தக் கோடையில் அந்தச் சமையலறை வாரத்தில் இரண்டு நாள் மூடியிருக்கும், முதலாளியே சொன்னார்.

மூஸ்ஹைடு கதை எனக்குத் தெரியும். ஊரின் பண்பாட்டு மையத்தில் ஒரு பிற்பகல் முழுக்க இருந்தேன். அந்தப் பாட்டுகள் இப்போது திரும்பிவந்து பாடப்படுகின்றன என்பதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வைட்ஹார்ஸ்_வாசி:
சொல்லியிருக்க வேண்டும். ஓம்.

கணக்கர்:
எனக்கு ஒரே சந்தேகம். கரடி ஊரில் வேனுக்குள் சாம்பார் தாளித்தீர்களா?

வேன்வாசி:
ஊருக்குள் தாளித்தோம். டெம்ப்ஸ்டரில் இல்லை. அங்கே டூம்ஸ்டோன் பூங்காவில் தங்கிய இரண்டு இரவும் தயிர்சாதம்தான், மிச்சம் மீதி எல்லாவற்றையும் மூடி வேனுக்குள் பூட்டி வைத்தோம். பெருங்காய டப்பாவை அவர் மூன்று பைக்குள் போட்டுக் கட்டினார். அப்படியும் வாசனை வந்தது.

இரவுப்பணி:
பெருங்காயத்துக்குக் கரடி வராது, ஓடிவிடும் என்பது என் நம்பிக்கை. ஆராய்ச்சி எதுவும் இல்லை :)

வைட்ஹார்ஸ்_வாசி:
வேன்வாசி, நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் வழி சொல்கிறேன். அக்டோபர் கடைசியில் வாருங்கள். என் முற்றத்தில் வண்டி சொருகப் பிளக் இருக்கிறது, பின் அறை காலிதான். ஆறு உடையும்வரை இருந்து பாருங்கள். வைட்ஹார்ஸில் ஆஸ்பத்திரிச் சமையலறை, பள்ளிக்கூட பஸ் என்று குளிர்கால வேலைக்கு ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வேன்வாசி:
அண்ணை, அவரிடம் வாசித்துக் காட்டினேன். "படுக்கை வேனிலா, அறையிலா?" என்று மட்டும் கேட்டார். அறை என்றேன். யோசிக்கிறாராம்.

ஊர்சுற்றி:
அக்கா, கடைசியாக ஒன்று. அந்தக் குளிரில் தோசை மாவு எப்படிப் புளித்தது?

வேன்வாசி:
குளிரா? ஜூலையில் மதியம் 25 டிகிரி தாண்டும், தம்பி. மாவு வாளியைக் கறுப்புத் துணியில் சுற்றி டாஷ்போர்டில் வைப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்தால் பதினொன்றுக்கெல்லாம் பொங்கிவிடும், அப்போதும் வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை மறந்து தூங்கிவிட்டேன். ஸ்பீடோமீட்டர் இடுக்கில் இன்னும் காய்ந்த மாவு இருக்கிறது.