ஆர்க்கியாப்டெரிக்ஸ்: எங்கே பிரிப்பது, எதை அழுத்துவது?

உயிரியல் ஆசிரியை:
ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த ஆதிப் பறவைப் புதைபடிவத்துக்கு 1861இல் தொல்லுயிரியலாளர் ஹெர்மன் ஃபான் மேயர் வைத்த பெயர் இது. வகுப்பில் அதிகம் காதில் விழுவது 'ஆர்ச்சியோடெரிக்ஸ்'. கிரேக்க வழிச் சொல்லில் 'சிஎச்' பெரும்பாலும் க-ஒலிதான். குளோரின், குரோமோசோம் எல்லாம் அப்படித்தானே? 'ப்' தொலைவதற்குக் காரணம் டெரோடாக்டில் என்னும் பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயர். அதில் 'பி' ஒலிக்காது என்று படித்தவர்கள் இங்கேயும் விழுங்கிவிடுகிறார்கள்.

மொழியியல் மாணவர்:
ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் ப்ட, ப்ன, ம்ன வராது. அதனால் முதல் மெய் உதிர்கிறது. நடுவில் வந்தால் முந்தைய உயிர் அதைத் தன் அசைக்குள் இழுத்துக்கொள்ளும். நிமோனியாவில் மறைந்த 'ப்' ஆப்னியாவில் (மூச்சு நின்றுபோதல்) கேட்கும். நிமானிக்கில் (நினைவுக் குறிப்பு) மறைந்த 'ம்' அம்னீசியாவில் (மறதி நோய்) கேட்கும். (நியூரோசைக்காலஜி விலக்கு: நடுவில் இருந்தும் 'ப்' கேட்காது, ஏனெனில் அங்கே 'சைக்காலஜி' முழுச்சொல்லாகவே ஒட்டியிருக்கிறது.)

ஆகவே பொருளுக்கு ஒரு பிரிப்பு, வாய்க்கு வேறு பிரிப்பு. பொருள்: ஆர்க்கியோ + ப்டெரிக்ஸ், அதாவது பழைய + சிறகு. அசை: ஆர்–கி–ஆப்–டெ–ரிக்ஸ். ஹெலிகாப்டரும் இதே கதைதான்: ஹெலிகோ + ப்டெரான். பலரும் நினைப்பதுபோல் ஹெலி + காப்டர் அல்ல.

பேச்சுப் பயிற்சியாளர்:
அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில், 'ஆப்'பில். அதை 'ஓப்' என்று நீட்ட வேண்டாம். 'டெ' தேய்ந்து கிட்டத்தட்ட 'ட' ஆகிவிடும். 'லஜி', 'கிரஃபி' என முடியும் சொற்களிலும் இதே கணக்கு: பயாலஜியில் 'யா', ஃபொட்டாகிரஃபியில் 'டா'. 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசை: ஃபோட்டோகிராஃபிக்கில் 'கிரா'.

தமிழ் நாவுக்குச் சிக்கல் 'ப்ட'. தமிழில் ப் தன்னோடு மட்டுமே மயங்கும், அதாவது அதை அடுத்து இன்னொரு ப மட்டுமே வரும். அப்பம் உண்டு, 'அப்டம்' கிடையாது. அதனால் இடையில் ஓர் உகரம் நுழைந்து 'ஆப்புடெரிக்ஸ்' ஆகி அசை ஆறாகிவிடுகிறது. உதட்டை மூடுங்கள், திறக்கும் முன்பே நுனிநாக்கு மேல்பல் ஈறைத் தொட்டிருக்கட்டும். உகரத்துக்கு இடமே இருக்காது. கடைசியிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்: ரிக்ஸ், டெரிக்ஸ், ஆப்டெரிக்ஸ், கியாப்டெரிக்ஸ், பிறகு முழுச்சொல். முன்னிருந்து தொடங்கினால் 'ஆர்க்கி'யிலேயே அழுத்தம் தங்கிவிடும்.

உயிரியல் ஆசிரியை:
'கி'க்கும் 'ஆப்'புக்கும் நடுவே வரும் யகரம் நம் உடம்படுமெய்யேதான். கரும்பலகையில் கோடு போட்டுப் பிரிக்கும்போது 'யாப்' என்று எழுதினாலும் சரியே.