வேலை போனவர் எந்தக் கணக்கில் வருவார்?

ஒரகடத்திலிருந்து:

கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் பிரஸ் ஷாப்பில், அதாவது தகடு அழுத்தும் பிரிவில், இருந்தேன். வேலை ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஓ.டி. நின்றது. மூன்று ஷிஃப்ட் இரண்டானது. காண்ட்ராக்ட் பசங்களை நிறுத்தினார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராக ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அது 2022 கடைசி. அந்த ஜூலையில்தான் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலும் கடைசி கார் இறங்கியிருந்தது. பத்து, பதினைந்து வருஷ அனுபவசாலிகள் பயோடேட்டாவோடு அலைந்த நேரத்தில் நானும் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் டிரெய்னி சம்பளம்தான் சொன்னார்கள்.

மூன்றாவது மாதம் சாப்பாடு டெலிவரிக்கு வண்டியை எடுத்தேன்.

அந்தச் சமயத்தில் யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று அரசாங்கக் கணக்கெடுக்க ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார், கையில் டேப்லெட். போன ஏழு நாளில் எந்தெந்த நாள் என்ன செய்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். வண்டி பழுதாகி நாலு நாள் வீட்டில் கிடந்தேன், மூன்று நாள் ஓட்டினேன் என்றேன். "அப்போ இவரை வேலை இல்லாதவர்னுதானே போடுவீங்க?" என்றாள் என் மனைவி. "இல்லம்மா, வாரத்துல ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே வேலையில இருக்கிறவர்தான்."

அவர் மேல் குறையில்லை, விதி அப்படி. ஆனால் வேலையின்மை குறைந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த நாலு நாள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து:

தம்பி, உங்களையாவது வேலை உள்ளவர் என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த பெண்களை இந்தப் பக்கத்துக் கணக்கில் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள். நாலு பேரும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலையில் இருந்தவர்கள். 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. இருபத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு! யோசித்துப் பாருங்கள். அந்த நவம்பர் 1-ல் ஆலையே மூடிவிட்டது. அதற்கு முன்பே செய்யாறு, போளூர் என்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் தகரப் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, "வேற வேலை கிடைச்சதும் வந்து எடுத்துக்கிறேன்க்கா" என்றாள். இரண்டு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தாள். பெட்டியைத் திறந்தால் மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். அதைக் குழந்தைக்கு விரிப்பாகப் போட்டுக்கொள்கிறேன் என்று எடுத்துப்போனாள். இவளிடம் யாராவது கணக்கெடுத்தால் 'வீட்டு வேலை' என்று எழுதுவார்கள். வேலை தேடுவதை விட்டவள் வேலையில்லாதவர் பட்டியலிலும் வரமாட்டாள்.

ஒரகடத்திலிருந்து:

அக்கா, அந்தப் பெண்ணோடு இன்னும் பேச்சு இருக்கிறதா? வாலாஜாபாத் பக்கம் ஒரு யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், கல்யாணமானவர்கள் என்றாலும் பரவாயில்லையாம். என் பழைய சூப்பர்வைசர் அங்கேதான் இருக்கிறார். முப்பத்தைந்து வயது வரைதான் பார்ப்பார்களாம். நீங்கள் சொன்ன கணக்குப்படி அவள் அந்த விளிம்பில் இருக்கிறாள். இந்த வாரமே கேட்டுச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.